இரண்டு கோட் என்றால் எத்தனை? – வாசகர் கேள்வி பதில்

‘எ கோட் ஆஃப் பெயிண்ட்’ (ஒரு தடவை அடித்த பெயிண்ட்) என்ற ஆங்கிலத் தொடரைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் தருகிறோம். இலக்கணம் கேட்டவர்களும் உண்டு, வீட்டுச் சுவரைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு. இரண்டையும் பிரிக்கவில்லை. அந்தச் சொல்லின் பொருள் சரியாகப் பிடிபடாததால்தான் பல வீடுகளில் பெயிண்ட் கணக்கே தகராறாகிறது.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘தி வால் நீட்ஸ் டூ கோட் பெயிண்ட்ஸ்’ என்று எழுதினாள். ‘டூ கோட்ஸ் ஆஃப் பெயிண்ட்’ என்று திருத்தினேன். ஏன் என்று கேட்டபோது என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. (ஆசிரியை, மன்னார்குடி)

அந்தப் பிழை தமிழிலிருந்து வருகிறது. நாம் ‘பத்து கிலோ அரிசி’, ‘ரெண்டு டம்ளர் காபி’, ‘ரெண்டு கோட் பெயிண்ட்’ என்கிறோம். எண், அளவு, பொருள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அளவுச் சொல்லுக்குப் பன்மை விகுதியும் வேண்டாம், இடையில் வேற்றுமை உருபும் வேண்டாம். அந்தப் பழக்கத்தில்தான் மாணவி எழுதியிருக்கிறாள். வாக்கியத்தில் பன்மை எங்காவது தெரிய வேண்டுமே என்று அதைக் கொண்டுபோய்க் கடைசியில் ‘பெயிண்ட்’ மேல் ஒட்டிவிட்டாள்.

ஆங்கிலத்தில் பெயிண்ட், தண்ணீர் மாதிரி எண்ண முடியாத பொருள். எண்ணப்படுவது கோட்தான். அதனால் பன்மை கோட்டின் மேல் ஏறும். பெயிண்ட் ஒருமையிலேயே நிற்கும். நடுவில் ‘ஆஃப்’ கட்டாயம் வரும். வினையும் கோட்டைத்தான் பின்பற்றும்: ‘எ கோட் ஆஃப் பெயிண்ட் வாஸ் அப்ளைட்’, ‘டூ கோட்ஸ் ஆஃப் பெயிண்ட் வேர் அப்ளைட்’. ‘பெயிண்ட்ஸ்’ என்று எழுதினால் பெயிண்ட் வகைகள் என்று பொருள். ‘ஆயில் பெயிண்ட்ஸ்’ சரி. ஆனால் அது சுவரில் எத்தனை முறை அடித்தோம் என்பதைச் சொல்லாது.

விதிவிலக்கு ஒன்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். கோட் என்பது இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் பன்மை போய்விடும்: ‘எ டூ-கோட் ஃபினிஷ்’, ‘ஒன்-கோட் எமல்ஷன்’. ஐந்து ரூபாய் நோட்டை ‘ஃபைவ்-ருபீ நோட்’ என்று சொல்வது போல.

உடுத்தும் கோட்டும் இதுவும் ஒரே சொல்தானா என்று குழந்தைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஒன்றேதான். உடல்மேல் போர்த்தும் ஆடை, விலங்கின் ரோமம், பொருளின் மேல் படிய வைக்கும் பூச்சு என மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘கோட்’. தமிழிலும் பாம்பு ‘சட்டை’ உரிக்கிறது அல்லவா? அதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: ‘பெயிண்ட் அடித்தான்’ என்பதில் உள்ள ‘அடி’க்கு ஆங்கிலத்தில் என்ன வினை? (கல்லூரி மாணவர், கரூர்)

வெறும் செயலைச் சொல்ல ‘பெயிண்ட்’ என்ற வினையே போதும்: ‘ஹீ பெயின்டட் தி டோர்.’ எத்தனை கோட் என்று சொல்ல வேண்டியபோதுதான் வேறு வினை தேவை. பேச்சில் மிகுதியாக வருவது ‘கிவ்’: ‘கிவ் தி டோர் எ கோட் ஆஃப் பெயிண்ட்.’ கதவுக்கு ஒரு கோட் கொடு என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் இருக்கிறது, கவனியுங்கள். டப்பாவிலும் ஒப்பந்தத்திலும் ‘அப்ளை’ வரும். சாதாரணப் பேச்சில் ‘புட் ஆன்’ வரும். ‘ஸ்லாப் ஆன்’ என்றால் அக்கறையில்லாமல் அப்பிவிட்டான் என்று குறை சொல்வது. பாராட்டும் இடத்தில் போட்டுவிடாதீர்கள். சுவருக்கு இன்னும் ஒரு முறை அடிக்க வேண்டும் என்றால் ‘தி வால் நீட்ஸ் அனதர் கோட்’. பெயிண்ட் என்பது சூழலில் தெரிவதால் ‘ஆஃப் பெயிண்ட்’ விட்டுப்போகலாம்.

பிரிட்டிஷ் பேச்சில் ‘எ லிக் ஆஃப் பெயிண்ட்’ என்றும் உண்டு. நாக்கால் நக்கியது போல லேசாக ஒரு முறை என்பது அதன் படிமம். ‘தி கேட் குட் டூ வித் எ லிக் ஆஃப் பெயிண்ட்’ என்றால் கேட்டுக்கு ஒரு பெயிண்ட் அடித்தால் நன்றாயிருக்கும் என்பதுதான். தேர்வுக் கட்டுரையில் வேண்டாம். நட்பாகப் பேசும்போது அழகாக இருக்கும்.

கேள்வி: எஸ்டிமேட்டில் ‘டூ கோட்ஸ்’ என்று போட்டிருக்கிறது. பிரைமர் ஒன்று, எமல்ஷன் ஒன்று அடித்துவிட்டு இரண்டு கோட் முடிந்தது என்கிறார் பெயிண்டர். எமல்ஷனே இரண்டு வர வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? (புது வீடு கட்டுபவர், ஒட்டன்சத்திரம்)

எஸ்டிமேட்டில் எழுதியிருப்பது போதாது என்பதால்தான் இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கிறது. பேச்சில் எப்படியிருந்தாலும், எஸ்டிமேட்டில் ‘கோட்’ தனியாக நிற்கக் கூடாத சொல். எதன் கோட் என்று ‘ஆஃப்’ போட்டுச் சொன்னால்தான் அது முழுமை. ‘டூ கோட்ஸ் ஆஃப் எமல்ஷன்’ என்று இருந்திருந்தால் பிரைமரை அதில் சேர்க்க வழியே இல்லை. வேலை வழக்கமும் உங்கள் பக்கம்தான்: பட்டி (சுவரைச் சமப்படுத்தும் பசை), பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிப்பது), எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) மூன்றையும் தனித்தனியாகவே எண்ணுவார்கள். இனிமேல் தமிழிலேயே இப்படி எழுதி வாங்குங்கள்: ‘பட்டி 2 கோட், பிரைமர் 1 கோட், எமல்ஷன் 2 கோட், ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகே அடுத்தது, டச்-அப் கோட் கணக்கில் சேராது.’ கடைசி வரியை விடாதீர்கள். ஆணி ஓட்டையை அடைத்து அங்கே மட்டும் தொட்டுவிட்டதை ஒரு கோட் என்று கணக்குச் சொல்வதைத் தடுப்பது அதுதான். சுவர் முழுவதையும் ஒரு முறை மூடி, காய விட்டால்தான் ஒரு கோட். அதே சுவரில் ரோலரை மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டினாலும், ஈரம் காய்வதற்குள் ஓட்டியிருந்தால் அது ஒரு கோட்தான்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலில் உள்ள வாசகம் இதற்கு நல்ல பாடம். புதுச் சுவருக்கு ‘டூ ஆர் மோர் கோட்ஸ்’ என்று சொல்லி, அதனுடன் ‘டு கிவ் ஆன் ஈவன் ஷேட்’ என்று சேர்த்திருப்பார்கள். எண்ணிக்கை குறைந்தபட்சம் இரண்டு. ஆனால் வேலை முடிந்ததா என்பதைத் தீர்மானிப்பது எண்ணிக்கை இல்லை, நிறம் எங்கும் ஒரே சீராக வந்திருக்கிறதா என்பதுதான். இரண்டு கோட்டில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் மூன்றாவதும் வேலைக்குள் அடக்கம். அடர்ந்த பழைய நிறத்தின் மேல் வெளிர் நிறம் அடிக்கும் வீடுகளில் இந்த ஒரு வரி மிகவும் உதவும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கோட் என்பது எண்ணிக்கை. தடிமன் அளவு அல்ல. இரண்டு கோட் நிஜமாகவே அடித்திருந்தாலும் சுவரில் படிந்திருப்பது ஒரு கோட்டுக்குரிய சரக்காக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கலந்த பெயிண்ட் 1 லிட்டரை 10 சதுர மீட்டரில், அதாவது சுமார் 108 சதுர அடியில் பரப்பினால் ஈரப் படலத்தின் தடிமன் 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்). அதில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போகும். திடப்பொருள் மட்டும் சுவரில் தங்கும். உதாரணத்துக்கு, டப்பாவிலுள்ள பெயிண்டின் கன அளவில் 40 சதவீதம் திடப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 400 மில்லி தண்ணீர் சேர்த்தால் திடப்பொருளின் பங்கு சுமார் 29 சதவீதமாகும். ஒரு கோட் காய்ந்ததும் 29 மைக்ரான் நிற்கும். லிட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 20 சதவீதம், 20 மைக்ரான். முதல் முறையில் இரண்டு கோட் சேர்ந்து 57 மைக்ரான், இரண்டாவதில் 40தான். தண்ணியாகக் கலந்தவர் மூன்று கோட் அடித்தால்தான் சரியாகக் கலந்தவரின் இரண்டு கோட்டுக்கு ஈடாகும்.

தண்ணீர் கலப்பதே தவறு என்று நினைக்க வேண்டாம். எமல்ஷனைக் கலக்காமல் அடித்தால் பிரஷ் இழுக்கும், கோடு விழும். எவ்வளவு கலக்கலாம் என்ற அளவு டப்பாவில் இருக்கிறது. அதைத் தாண்டுவதுதான் தவறு. தாண்டினால் பெயிண்டில் உள்ள பசை நீர்த்துப்போய் நிறப்பொடியைச் சேர்த்துப் பிடிக்க முடியாமல் போகும். சுவரைத் தடவினால் கையில் மாவு ஒட்டும். ஈரத் துணியால் துடைத்தால் நிறம் வரும்.

தினமும் பக்கத்தில் நின்று கண்காணிக்க வேண்டியதில்லை. காலி டப்பாவை எண்ணினால் போதும். 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு (7-க்கு 3) 21, ஜன்னல் (4-க்கு 4) 16 கழித்தால் 403. மேலே சொன்ன பரவலில் (லிட்டருக்கு 10 சதுர மீட்டர்) ஒரு கோட்டுக்குக் கலந்த பெயிண்ட் சுமார் 3.7 லிட்டர், இரண்டுக்கு 7.5 லிட்டர். லிட்டருக்கு 400 மில்லி தண்ணீர் என்றால் டப்பாவிலிருந்து செலவாக வேண்டியது சுமார் 5.3 லிட்டர். 3.7 லிட்டர்தான் செலவாகியிருந்தால், ஒன்று பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கோட் முழுதாக விழவில்லை. உங்கள் பெயிண்டுக்குரிய பரவல் எண் டப்பாவிலேயே இருக்கும். அது ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். சில நிறுவனங்கள் ஒன்றுக்கும் சில நிறுவனங்கள் இரண்டுக்கும் போடுகின்றன; இதில் தவறினால் வாங்கும் அளவே பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிவிடும்.

வீடு புதிது என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். சிமெண்ட் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாளாவது போகட்டும். பூச்சு இன்னும் ஆறாத பச்சைச் சுவரில் ஈரமும் காரத்தன்மையும் இருக்கும். எண்ணெய் சார்ந்த எனாமலை அதில் அடித்தால் காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். படலம் பிசுபிசுத்து உரியும். எமல்ஷனாக இருந்தால் உள்ளிருந்து உப்புப் பூத்துக் கொப்புளிக்கும். அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது.

கேள்வி: டப்பாவில் ‘டச் ட்ரை 30 மினிட்ஸ்’, ‘ரீகோட் 4 அவர்ஸ்’ என்று இரண்டு நேரம் போட்டிருக்கிறதே? (இல்லத்தரசி, திருநெல்வேலி)

‘டச் ட்ரை’ என்றால் விரலால் தொட்டால் ஒட்டாது, அவ்வளவுதான். மேல்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அடுத்த கோட்டுக்கு ‘ரீகோட்’ நேரம்தான் கணக்கு. அதையே வேறு டப்பாக்களில் ‘அலவ் ஃபோர் அவர்ஸ் பிட்வீன் கோட்ஸ்’ என்று போட்டிருப்பார்கள். கோட்டுகளுக்கு இடையே நான்கு மணி நேரம் விடு என்று பொருள். மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகும்.

எமல்ஷனில் அவசரப்பட்டால் ரோலர் கீழ்க் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு வரும். எனாமலில் சேதம் இன்னும் மோசம். கீழே உள்ள கரைப்பான் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ள, மேல்தோல் சுருங்கிச் சுருக்கம் விழும். ஒரே கோட்டைக் கெட்டியாக அப்பினாலும் இதே கதிதான். கதவில் கண்ணீர் வழிந்தது போலச் சொட்டு நிற்கும். ஆங்கிலக் குறிப்புகளில் ‘டூ தின் கோட்ஸ் ஆர் பெட்டர் தன் ஒன் திக் கோட்’ என்று வருவது இதனால்தான். ‘தின்’ என்றால் மெல்லியதாகப் பரப்பு என்று பொருள். தண்ணியாகக் கலக்கு என்று எடுத்துக்கொண்டு கெடுப்பவர்கள் நிறைய. எனாமலுக்கு ஒரு ராத்திரி விட்டு, 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, பிறகு அடுத்த கோட். வழவழப்பான எனாமல் மேல் தேய்க்காமல் அடித்தால் புதியது பிடிக்காமல் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும்.

கேள்வி: கோட், கோட்டிங், லேயர், ஃபிலிம்: நான்கும் ஒன்றா? தமிழில் எல்லாவற்றையும் ‘பூச்சு’ என்று எழுதலாமா? (மொழிபெயர்ப்பாளர், சென்னை)

ஒன்றல்ல. ‘கோட்’ ஒருவர் வேண்டுமென்றே அடித்து எண்ணக்கூடிய ஒரு தடவை. ‘கோட்டிங்’ பெரும்பாலும் அந்தப் பொருளையோ முழுப் பாதுகாப்பு அமைப்பையோ குறிக்கும்: தோசைக்கல்லில் ‘நான்-ஸ்டிக் கோட்டிங்’. நம் பெயிண்டர்கள் ‘ரெண்டு கோட்டிங் அடிக்கணும்’ என்பது தமிழ்ப் பேச்சில் நிலைத்துவிட்ட வழக்கு, அதில் குறையில்லை; ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ‘டூ கோட்ஸ்’ என்று மாற்றுங்கள். ‘லேயர்’ தானாகப் படிந்ததற்கும் பொருந்தும். மேசையில் படிந்த தூசி ‘எ லேயர் ஆஃப் டஸ்ட்’. அதை யாரும் அடிக்கவில்லை என்பதால் ‘கோட்’ அங்கே அவ்வளவாக வராது. ‘ஃபிலிம்’ காய்ந்து நிற்கும் படலத்துக்குத் தொழில்நுட்பச் சொல். மைக்ரான் கணக்கு வந்தால் இதுதான் வரும்.

‘பூச்சு’ என்பதைக் கட்டட ஆவணத்தில் எழுத வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கொத்தனாருக்குப் பூச்சு என்றால் சிமெண்ட் கலவைப் பூச்சு. ‘இரண்டு பூச்சு’ என்று எழுதிய காகிதம் கொத்தனார் கைக்கும் பெயிண்டர் கைக்கும் போனால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். ஒப்பந்தத்தில் ‘கோட்’ என்றே எழுதுங்கள். கட்டுரையில், கதையில் பூச்சு தாராளமாக வரட்டும்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘அண்டர்கோட்’ (கடைசி கோட்டுக்கு அடியில் அடிப்பது) ஒரே சொல்லாக எழுதப்படும். ‘ஃபர்ஸ்ட் கோட்’, ‘செகண்ட் கோட்’ எப்போதும் இரண்டு சொல். ‘டாப்கோட்’, ‘பேஸ் கோட்’ இரண்டு விதமாகவும் அச்சில் வருகின்றன.

கேள்வி: செய்திக் கட்டுரையில் ‘தி ஓல்டு ஸ்கீம் வித் எ ஃப்ரெஷ் கோட் ஆஃப் பெயிண்ட்’ என்று படித்தேன். ‘வொய்ட்வாஷ்’ என்பதும் இதுவும் ஒன்றா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை)

வேறு வேறு. ‘ஃப்ரெஷ் கோட் ஆஃப் பெயிண்ட்’ உள்ளே எதுவும் மாறவில்லை, வெளித்தோற்றம் மட்டும் புதிது என்று சொல்வது. நம் ‘பழைய கள், புது மொந்தை’ அப்படியே பொருந்தும். ‘வொய்ட்வாஷ்’ குற்றத்தை மறைப்பது. ‘பூசி மெழுகுவது’ என்று மொழிபெயர்க்கலாம். விளையாட்டுப் பக்கத்தில் அதே ‘வொய்ட்வாஷ்’ தொடரின் எல்லா ஆட்டத்தையும் ஒரே அணி வெல்வது. ஒரு எச்சரிக்கை: ‘ஃப்ரெஷ் கோட் ஆஃப் பெயிண்ட்’ நேர்ப்பொருளிலும் அன்றாடம் வருகிறது. ‘தி ஸ்கூல் காட் எ ஃப்ரெஷ் கோட் ஆஃப் பெயிண்ட்’ என்றால் பள்ளிக்குப் புது பெயிண்ட் அடித்தார்கள், அவ்வளவே. கட்டடமா, திட்டமா என்று பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

கேள்வி: முடிவில்லாத வேலையை ‘பெயின்டிங் தி ஃபோர்த் பிரிட்ஜ்’ என்கிறார்களே, அது எந்தப் பாலம்? (அதே வாசகர்)

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கு மேற்கே, 1890-ல் திறக்கப்பட்ட ரயில் பாலம். ‘ஃபோர்த்’ அங்குள்ள ஆற்றின் பெயர். நான்காவது என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ஒரு முனையில் பெயிண்ட் அடித்து மறுமுனை போய்ச் சேர்வதற்குள் முதல் முனை திரும்ப அடிக்கும் நிலைக்கு வந்துவிடும் என்ற எண்ணத்தில் பிறந்த தொடர். 2011-ல் அந்த நிலை மாறியது. பழைய பெயிண்டை எஃகு தெரியும் வரை நீக்கிவிட்டு மூன்று கோட் அடித்தார்கள்: துத்தநாகம் கலந்த பிரைமர், நடுவில் கண்ணாடிச் செதில் கலந்த எபாக்சி என்ற பிசின் பெயிண்ட், மேலே பாலியூரித்தேன் என்ற இன்னொரு பிசின் பெயிண்ட். குறைந்தது 25 ஆண்டு தாங்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. நடுக் கோட்டில் உள்ள கண்ணாடிச் செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படுத்து, ஈரம் நேராக எஃகுக்கு இறங்க முடியாமல் சுற்றிப் போக வைக்கின்றன. மூன்று கோட்டும் மூன்று வேறு சரக்கு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை.

இதுபோன்ற எஃகு வேலைகளில் ஒவ்வொரு கோட்டையும் வேறு வேறு நிறத்தில் கேட்பது வழக்கம். அடிக்காமல் விட்ட இடம் கீழ் நிறத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டுக் கிரில்லுக்கும் இதைச் செய்யலாம்: செந்நிற ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் சாம்பல் அண்டர்கோட், கடைசியில் நீங்கள் விரும்பும் எனாமல். கம்பியின் பின்புறத்தையும் வளைவுகளின் உள்பக்கத்தையும் கைக்கண்ணாடி பிடித்துப் பாருங்கள்; சிவப்பு தெரிந்தால் அங்கே பிரஷ் போகவில்லை.